ஆரோக்கியம் தூங்கவில்லை

தேதி சொல்லாத செய்தியை நான் ஏட்டில் ஏற்றுவதில்லை. பேய் என்று யாராவது ஆரம்பித்தால், "எந்த வருஷம், யார் பார்த்தது?" என்று கேட்டே வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்டவன் இதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கிள்ளானில் ஒரு ரப்பர் தோட்டத் துரையின் பங்களாவை அரும்பொருளகமாக மாற்றினார்கள். ஒவ்வோர் அறைக்கும் விளக்க அட்டை எழுதும் வேலை எனக்கு. துரையின் மூன்று வயது மகன் அங்கே கிணற்றில் விழுந்து இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. 'ஆயா ஆரோக்கியம் பகலில் தூங்கிவிட்டாள்' என்று துரைசாணியின் கடிதத்தில் இருந்தது. ஆயா அறையின் அட்டையில் அதையே எழுதினேன்.

அது காதுக்கு எட்டி, ஆரோக்கியத்தின் மகள் மரியம்மா பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார்.

"எங்கம்மா தூங்கலங்கய்யா. சாகும்போதும் அதத்தான் சொன்னாங்க. புள்ளயக் கொன்னவன்னு சொல்லி, மாதா கோயில்ல கூட யாரும் அவங்க பக்கத்துல உக்காரல."

"எழுத்துல ஏதாவது இருக்காம்மா?"

"எழுதத் தெரிஞ்சவங்க எழுதிட்டாங்க. எங்கம்மா கைநாட்டு."

கடிதம்தான் ஆதாரம், மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் படியிறங்கிப் போனார். நான் அளவெடுக்க ஆயா அறைக்குள் நுழைந்தேன், பின்னாலேயே கதவு சாத்திக்கொண்டது, வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. மரியம்மாவின் கோபம் என்று நினைத்து சன்னல் வழியே பார்த்தால், அவர் தூரத்தில் சாலையில் நடந்துகொண்டிருக்கிறார். நல்ல வெயில், மணி இரண்டேகால். கூச்சல் போட வெட்கப்பட்டு, ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வாய் திறக்காமல் காத்திருந்தேன்.

பத்து நிமிடம் கழித்துத் தோட்டக்காரன் முனியன் மூச்சிரைக்க வந்து திறந்தான். முந்தின வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவன்.

"அந்தம்மா எங்கங்கய்யா?"

"எந்தம்மா?"

"கதவப் போட்டு அந்த இடி இடிச்சாங்களே! 'தொறங்கம்மா, கொழந்த கெணத்துக்கிட்ட போவுது'ன்னு ஒரே கத்தல். கெணத்தத் தேடி பங்களாவையே சுத்தி வந்துட்டேன், கெணறே இல்லியே!"

கிணற்றை என்றைக்கோ மண்போட்டு மூடிவிட்டார்கள். ஆரோக்கியத்தை உள்ளே விட்டுத் தாழிட்டது யார், எதற்காக என்று எந்தக் கடிதத்திலும் இல்லை.

அட்டையில் அந்த வரியை அடித்தேன். மேலதிகாரி காரணம் கேட்டார். ஆதாரம் போதாது என்றேன். மரியம்மாவுக்கும் சேதி அனுப்பினேன்.

நம்பினால் நம்புங்கள், அந்தக் கதவை நான் விரலால்கூடத் தொடவில்லை. அன்று மாலை என் இரண்டு உள்ளங்கைகளும் சிவந்து வீங்கிப்போயிருந்தன. சோறு பிசைய முடியாமல் மனைவிதான் ஊட்டிவிட்டாள். "யாரப் போட்டு இப்படி அடிச்சீங்க?" என்று கேட்டாள்.