பெரிய ஃப்ரீசர் வேண்டாம்

நாச்சாரத்தில் எங்கள் வீட்டு மாடியை ஐடிக்காரர்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியிருந்த காலம். வெறும் வீடு என்றால் அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கட்டில், கீசர், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓனர்தான் போட வேண்டும். எனக்குத் தார்நாகாவில் மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை. முப்பது வருட ஹைதராபாத் வாசம். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

புதிதாக வந்தவள் தூத்துக்குடிப் பெண். கணவன் வேலையாக அமெரிக்கா போயிருந்தான். கையில் மூன்று மாதக் குழந்தை. பிரசவ லீவு முடியப் பத்து நாள்தான் இருந்தது. அதற்கப்புறம் காலையில் கம்பெனி கேப் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அவள் அம்மா வந்திருந்தார்.

"அங்கிள், ஃப்ரிட்ஜ் எந்த கம்பெனின்னாலும் சரி. ஃப்ரீசர் மட்டும் பெருசா, தனிக் கதவு போட்டதா வேணும். பிள்ளைக்குத்தான்" என்றாள். சொல்லும்போது தரையைப் பார்த்தாள்.

கைக்குழந்தைக்கு ஃப்ரீசரில் என்ன வேலை? என் மனைவியையாவது கேட்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. தூத்துக்குடி, பெரிய ஃப்ரீசர் என்றதும் மீன்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பிள்ளையைச் சாக்குச் சொல்கிறாள் என்றும் நினைத்தேன். நாளைக்கு அவள் காலி செய்துவிட்டுப் போனால் அந்த நாற்றம் பிடித்த பெட்டி என் தலையில்தானே விழும் என்ற யோசனை வேறு. புத்திசாலி, என்ன செய்வது!

கடைக்கு அவளும் வந்தாள். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றின் முன்னால் நின்று, மேல் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களைப் போல இங்கே ஊறிப்போன தமிழர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களை வைத்துக்கொண்டு ரகசியம் பேச வேண்டுமென்றால் தெலுங்குக்குத் தாவிவிடுவோம். அவர்களுக்கு ஒன்றும் புரியாது என்று ஒரு நினைப்பு. நானும் தாவினேன்.

"பெத்த ஃப்ரீசர் வத்து அண்ணா. வீள்ளு அந்தா சேபலு குக்குத்தாரு. ஆ கம்பு மேமே பரிஞ்சாலி" என்றேன் கடைக்காரரிடம். பெரிய ஃப்ரீசர் வேண்டாம், இவர்கள் பூராவும் மீனாகத் திணிப்பார்கள், அந்த நாற்றத்தை நாங்கள்தான் சகிக்க வேண்டும் என்று அர்த்தம். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவள் கதவை மூடிவிட்டுத் திரும்பினாள். "சேபலு காது அண்ணா, பாலு" என்றாள். மீன் இல்லை, பால். நெல்லூர்க்காரி பேசுகிற மாதிரி சுத்தமான தெலுங்கு. எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கடைக்காரருக்கு விளங்கவில்லை. பால் பாக்கெட்டைக் கீழ்த்தட்டிலேயே வைக்கலாமே மேடம் என்றார், அவர் பங்குக்கு.

அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரல் தடுமாறவில்லை. "பாக்கெட் பாலு காது. நா பாலு. நேனு ஆபீஸ்கி வெள்ளினப்புடு மா பாபுகி" என்றாள்.

என் பால். நான் ஆபீஸ் போயிருக்கும்போது என் குழந்தைக்கு. அந்நிய ஆண்கள் இரண்டு பேர் முன்னால், நடுக்கடையில், ஒரு பெண்ணை இதைச் சொல்ல வைத்தேன். சீ என்று ஆகிவிட்டது. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மன்னித்துக்கொள் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதையே போட்டுவிடும்படி மட்டும் கடைக்காரரிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எதுக்குங்க இவ்ளோ பெருசு?" என்றாள்.

"பாவம், கைக்குழந்தைக்காரி. நான்தான் பெருசா பார்த்து வாங்கினேன்" என்றேன். உங்களுக்கு நல்ல மனசு என்று அவள் சொன்னதையும் கூசாமல் கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பெண் இரண்டு வருடம் மாடியில் இருந்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. என் மனைவியோடு மணிக்கணக்கில் தமிழில் பேசிச் சிரிப்பாள். படியில் என்னைப் பார்த்தால், "பாகுன்னாரா அங்கிள்?" நலமா என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

"ஏங்க, அந்தப் பொண்ணு உங்ககிட்ட மட்டும் ஏன் தெலுங்குலயே பேசுது?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"எனக்குத் தமிழ் தெரியாதுன்னு நெனச்சுட்டா போல" என்றேன்.