பத்தடி உயரத்தில் அம்மா

எங்கள் அலுவலகத்தில் வீட்டு வரைபடம் போடுபவரை டேப் அக்கா என்போம். பையில் டிபன் பாக்ஸ் இல்லாமல் போனாலும் போகும், அளவு டேப் இல்லாமல் போகாது. வெள்ளம் வடிந்த தெருக்களில் சுவரில் நிற்கும் சேற்றுக் கறையின் உயரத்தை அளந்தே அவருக்குப் பாதி வயது போனது. ஆற்றோரம் வீடு கட்டுகிறவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

அக்கா போடும் வீட்டில் கீழே வெறும் தூண்கள். குடியிருப்பதெல்லாம் பத்தடிக்கு மேலே. வீடு கட்டி முடித்த மறுமாதமே ஜனங்கள் தூண்களுக்கு நடுவே செங்கல் வைத்து அறையாக்கிவிடுவார்கள். அக்கா வாசலிலேயே போய்ச் சண்டை போடுவார். சொன்னபடி கீழ்த்தளத்தைக் காலியாக விட்டவர் ஒரே ஒருவர், அவருடைய சொந்த அண்ணன்.

அந்த வீட்டில்தான் அக்காவின் அம்மாவும் இருந்தார். குடிபோன இரண்டாம் வருடம் அவருக்கு முழங்கால் இரண்டும் போயின. இருபது படி இறங்க முடியாது. மகன் தூக்கினால், "நான் என்ன மூட்டையாடா?" என்று கூச்சத்தில் அழுவார்.

"கீழ ஒரு ரூம் கட்டிக் குடுடி. தெருவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன்" என்று மகளிடம் கேட்டார்.

"தண்ணி வந்தா என்னம்மா பண்ணுவ?"

"வரும்போது பார்த்துக்கலாம்."

"வரும்போது பார்க்க முடியாதும்மா."

அண்ணனும் கெஞ்சினார். அக்கா அசையவில்லை. சாய்தளம் போட நூற்றிருபது அடி வேண்டும், மனையே நாற்பதடிதான். லிஃப்ட் வைத்தால் அதன் குழிதான் முதலில் நிரம்பும். தன் வீட்டுக்கே விட்டுக்கொடுத்தால் ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எந்தக் கணக்கிலும் தப்புச் சொல்ல முடியவில்லை.

நான்கு வருடம் அம்மா மாடி ஜன்னலோடு கிடந்தார். பழைய சிநேகிதிகள் கீழே நின்று கையசைத்துவிட்டுப் போவார்கள், அவர்களுக்கும் முழங்கால்தானே. அந்த நான்கு வருடமும் ஆற்றுத் தண்ணீர் முழங்கால் அளவுக்குக்கூட ஏறவில்லை. அம்மா மாடியிலேயே கண்ணை மூடினார்.

அம்மா போன ஐந்தாம் மாதம் வெள்ளம் வந்தது. பாழாய்ப்போன ஆற்றுக்கு அப்போதுதான் நேரம் கிடைத்தது. தெருவில் கீழ் அறை கட்டியவர்கள் கட்டில், பீரோ எல்லாவற்றையும் இழந்தார்கள். அந்த வீட்டில் மட்டும் தண்ணீர் தூண்களுக்கு நடுவே வந்தது, போனது. தரையில் சேறு மட்டும் மிச்சம்.

வெளியூர் இன்ஜினியர்கள் கேமராவோடு பார்க்க வந்தார்கள். அக்காவும் நானும் போயிருந்தோம். அண்ணன் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே அவர்களுக்குத் தூண்களைக் காட்டினார்.

"என் தங்கச்சி போட்ட வீடுங்க. தண்ணி மேல ஏறல. எங்கம்மாவும் கீழ இறங்கல."

வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.