கயிற்றை அறுத்தது யார்?

எங்கள் அப்பாவும் மேல் வீட்டுக் காக்குவும் மூன்று வருடம் பேசாமல் இருந்தார்கள். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். ஆகாயத்தில் ஒரு கயிறு அறுந்துபோனதுதான் காரணம். அந்த மூன்று வருடமும் எங்கள் மாடிப்படியில் ஒரே ஒரு கேள்வி நின்றுகொண்டிருந்தது. யார் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

கல்கத்தா சால்ட் லேக்கில் சர்க்கார் குவார்ட்டர்ஸ். இரண்டாவது மாடியில் நாங்கள், மூன்றாவதில் காக்கு. காக்கு என்றால் பெங்காலியில் சித்தப்பா. என் சொந்தச் சித்தப்பா கோயம்புத்தூரில் இருந்தார்; அவரை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். இவரைத்தான் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே ஆபீஸ், அடுத்தடுத்த மேஜை. கல்யாணத்துக்கு முன்னால் கரியாஹாட்டில் ஒரு மெஸ்ஸில் ஒரே அறையில் இருந்தவர்கள். அங்கேதான் அப்பா பெங்காலி கற்றுக்கொண்டார். காக்கு பதிலுக்குக் கற்றுக்கொண்ட தமிழ் ஒரே ஒரு சொல்: "அப்புறம்?" ஊருக்குப் போன் பேசும்போது அப்பா அதை நிமிடத்துக்கு நாலு தரம் சொல்வாராம். காக்கு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எங்கள் கதவைத் தட்டினால் வேறு விசாரிப்பே கிடையாது, "அப்புறம்?" என்றுதான் உள்ளே வருவார்.

அந்த மெஸ் நாட்களில் இருவரும் ஒரு ஆங்கிலப் படம் பார்த்திருக்கிறார்கள். விண்வெளிப் படம். எங்கோ ஒரு கிரகத்தில் ஒருவன் தன்னந்தனியாக இருக்கிறான். அவன் இடுப்பில் அறுந்த கயிற்றின் நுனி தொங்குகிறது. மறுமுனையில் அவன் கூட்டாளி இருந்தான், இப்போது இல்லை. என்ன நடந்தது என்று படம் கடைசிவரை வாய் திறக்கவில்லை. இவனேதான் அறுத்திருப்பான், அறுக்காவிட்டால் இரண்டு பேருமே போயிருப்பார்கள் என்பது அப்பாவின் கட்சி. சிநேகிதனை எவனாவது அறுத்து விடுவானா, தொங்கியவன்தான் தன்னால் இவன் சாகக்கூடாது என்று தானே அறுத்துக்கொண்டான் என்பது காக்குவின் கட்சி. பத்துப் பதினைந்து வருடமாக இதே வழக்கு, டீயோடும் முறுக்கோடும் சந்தோஷமாக நடந்துகொண்டிருந்தது.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு சாயங்காலம் காக்கு வந்தார். "அப்புறம்?" சொல்லவில்லை. அப்பா கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார் என்று ஆபீஸில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டாராம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு உடனே படத்துக்குத் தாவிவிட்டார். "அறுக்கிற புத்தி உள்ளவனுக்குத்தான் அவன் அறுத்த மாதிரி தெரியும்" என்றார் பெங்காலியில். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. "கயித்தைக் கட்டினா ஆயுசு பூரா தொங்கணும்னு சட்டமா?" என்றார். டீ ஆறிப்போனது. காக்கு படியேறிப் போனார். அதற்குப் பிறகு இறங்கி வரவேயில்லை. மாற்றலும் வரவில்லை. ஒரு சினிமாவுக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுப் பெண்கள் இந்தச் சண்டையை மதிக்கவேயில்லை. அம்மாவின் இட்லிப்பொடி மேலே போனது, காக்குவின் மனைவி காக்கிமாவின் தேங்காய் லட்டு கீழே வந்தது. இரண்டையும் சுமந்தவள் நான். "ஆகாசத்துல எவனோ கயித்தை அறுத்தானாம், இங்க கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் பேச்சில்லையாம். வெளிய சொல்லிடாதடி, மானம் போயிரும்" என்பாள் அம்மா. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரிடம் கோப்பைத் தரவேண்டியிருந்தால் அப்பா பியூனைக் கூப்பிடுவாராம். இதையும் அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்.

அப்போதுதான் அந்தப் படத்துக்கு முன்கதை எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. கயிறு அறுவதற்கு முந்தைய கதை. காக்கு பேப்பரிலிருந்து அதை வெட்டி எங்கள் தபால் பெட்டியில் போட்டிருந்தார். அப்பா அதைப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வருகிறது, வருகிறது என்றார்கள், வரவில்லை. துர்கா பூஜைக்கு என்றார்கள், பிறகு கிறிஸ்துமஸுக்கு என்றார்கள். ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் ஒரு பேப்பர் துண்டு தபால் பெட்டிக்கு வந்தது. அப்பா அலுவலகக் கடிதம் போல அவற்றை வரிசையாக அடுக்கி வைத்தார்.

கடைசியில் தேதி உறுதியானதும் காக்கு என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டார். பெங்காலியில் சொன்னார், "உங்க அப்பாகிட்ட சொல்லு மா. வெள்ளிக்கிழமை, காலையில முதல் காட்சி. யாரு தோத்தாங்களோ அவங்க ஒரு பானை மிஷ்டி தோய் வாங்கிட்டு ஜெயிச்சவன் வீட்டுக்குப் போகணும்." மிஷ்டி தோய் என்பது மண்சட்டியில் உறையும் இனிப்புத் தயிர். நான் மூச்சிரைக்க இறங்கி வந்து சொன்னேன். அப்பா அடுக்கி வைத்திருந்த பேப்பர் துண்டுகளை எடுத்து ஒருமுறை எண்ணிவிட்டு, "சரின்னு சொல்லு" என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிடும்போது தானாகச் சிரித்ததை நானும் அம்மாவும் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஜுரம் என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மழை பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. நியூ டவுனில் ஒரு பெரிய மாலின் உச்சி மாடியில் தியேட்டர். கண்ணாடிக்கு வெளியே அந்த உயரமான கட்டடங்களெல்லாம் பாதி மேகத்துக்குள் இருந்தன. அங்கேயே வேறு கிரகத்துக்கு வந்துவிட்டது போல எனக்கு இருந்தது. காக்கு எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால், ஓரத்து இருக்கையில், இஸ்திரி போட்ட சட்டையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் வந்துவிட்டாரா என்று என்னை மூன்று தடவை பார்க்கச் சொன்னார்.

விளக்கு அணைந்தது. படத்தில் எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த நீலம் வந்துவிடுகிறது. திரை முழுக்க நீலம், அதில் இரண்டு மனிதர்கள் மெதுவாக, மிக மெதுவாக மிதந்துபோகிறார்கள், நடுவில் வெள்ளைக் கயிறு வளைந்து நெளிந்து கிடக்கிறது. சத்தமே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகமெல்லாம் நீலமாக இருந்தது. அப்பாகூட முகத்தில் வயது கலைந்து, கல்யாண ஆல்பத்தில் இருக்கிற அப்பா போல இருந்தார். இதுவரை நடந்தது போதும், இப்படியே மிதந்துகொண்டே இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஆங்கிலப் படத்துக்கு இடைவேளை கிடையாது. நம் தியேட்டர்காரர்கள்தான் கைக்கு வந்த இடத்தில் நறுக்கிவிடுவார்கள். அன்றைக்கு நறுக்கிய இடம் இருக்கிறதே, பாவிகள்! ஒருவன் பள்ளத்தில் தொங்குகிறான், மேலே இருப்பவன் கத்தியை எடுக்கிறான், அங்கே விளக்கைப் போட்டுவிட்டார்கள். தியேட்டரே ஐயோ என்று கத்தியது. காக்கு என்னைப் பார்த்துக் கையசைத்தார். அப்பா, "போ, கூப்பிடறாங்க" என்றார்.

பாப்கார்ன் வரிசை அனுமார் வால் போல நீண்டிருந்தது. எங்கள் முறை வந்ததும் எனக்கு உப்புப் பாப்கார்னா, இனிப்புப் பாப்கார்னா என்று முடிவெடுக்கத் தெரியவில்லை. உப்பு என்றேன், இல்லை இனிப்பு என்றேன், பாதிப் பாதி தருவார்களா என்று கேட்டேன். மணி அடித்துவிட்டது. "நீ ஓடு மா, நான் வாங்கிட்டு வரேன்" என்று காக்கு என்னைத் தள்ளிவிட்டார். பின்னாளில் யோசித்திருக்கிறேன், அன்றைக்கு நான் ஒழுங்காக உப்பு என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று.

நான் இருக்கையில் ஏறி உட்காரவும் அது நடந்தது. மேலே இருந்தவன்தான் அறுத்தான். சந்தேகத்துக்கே இடமில்லை. கத்தி தெரிந்தது, கை தெரிந்தது, அழுகிற முகம் தெரிந்தது. கயிறு சத்தமில்லாமல் இரண்டாயிற்று. கீழே தொங்கியவன் அந்த நீலத்துக்குள் சின்னதாக, இன்னும் சின்னதாகப் போய்க்கொண்டே இருந்தான்.

பின்னாலிருந்து யாரோ "நா, நா!" என்று கத்தினார். வேண்டாம் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஒரே ஒருவர் கைதட்டி, மற்றவர்கள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். எனக்கானால் ஒரே சந்தோஷம். அப்பா ஜெயித்துவிட்டார்! அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் திரும்பி, இரண்டு வரிசைக்குப் பின்னால் இருந்த காலி இருக்கையைப் பார்த்தார். அந்தக் காட்சி முடிந்து வேறு காட்சி தொடங்கிய பிறகுதான் காக்கு இருட்டில் தடவித் தடவி வந்து, பாப்கார்ன் டப்பாவை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

படம் முடிந்து வெளியே வந்தால், கல்கத்தாவில் யாரும் உடனே வீட்டுக்குப் போய்விடுவார்களா? வாசலிலேயே கும்பல் கும்பலாக நின்று வாதம் ஆரம்பமாகிவிட்டது. ஒரு கண்ணாடி போட்ட காலேஜ் பையன், "இத்தனை வருஷம் நம்மகிட்ட ரெண்டு கதை இருந்தது, இன்னிக்கு ஒண்ணைப் பிடுங்கிட்டாங்க" என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ரொம்ப அழகான படம் என்றாள். இன்னொருவர் ஆக்ஸிஜன் கணக்குப் போட்டு, கயிற்றை அறுத்தது சரிதான் என்று விரல் விட்டு நிரூபித்தார். அறுத்தான், அறுத்துவிட்டான், எப்படி அறுக்கலாம் என்று சுற்றிலும் ஒரே கூச்சல்.

காக்கு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். அப்பாவைப் பார்க்காமல் என்னிடம், "நான் வரிசையில மாட்டிக்கிட்டேன் மா. அங்க என்னதான் ஆச்சு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பாவின் குரல் கேட்டது. பெங்காலியில், நேராகக் காக்குவிடம்: "தொங்கினவன்தான். அவனே அறுத்துக்கிட்டான். நீ சொன்னதுதான் சரி, நான் தோத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பச்சைப் பொய்! இருநூறு பேர் பார்த்திருக்கிறார்கள், பக்கத்திலேயே அந்தக் கண்ணாடிப் பையன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறான். காக்குவின் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். நான் மறுபடி வாயைத் திறக்க, அப்பா என் தோளை அழுத்தினார். மூன்று பேரும் ஒரே டாக்ஸியில் வந்தோம். மழை இருட்டில் வண்டிகளின் விளக்குகளெல்லாம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தன.  

அன்று சாயங்காலம் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு போய் பெரிய பானையாகத் தோய் வாங்கி வந்தார். வாயில் காகிதம் கட்டிய பானையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறினார். நான் பின்னால் போனேன். கதவைத் தட்டுவதற்கு முன் கொஞ்சம் தயங்கினார். தட்டினார். காக்கு திறந்தார். அப்பாவையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காக்கு சொன்னார், "அப்புறம்?"

எனக்கு அப்போது நியாயம் என்றால் உயிர். அப்பா காக்கிமாவிடம் பேசிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, சமையலறையில் கிண்ணம் எடுத்துக்கொண்டிருந்த காக்குவிடம் போய்ப் போட்டு உடைத்துவிட்டேன். "காக்கு, அப்பா பொய் சொன்னாங்க. மேல இருந்தவன்தான் அறுத்தான். என் கண்ணால பார்த்தேன்."

அவர் ஒரு ஸ்பூன் தோயை என் வாயில் வைத்தார். "தெரியும் மா. நான் வாசக்கதவுகிட்டதான் நின்னுட்டு இருந்தேன். எல்லாம் பார்த்தேன்" என்றார். "அப்பாகிட்ட சொல்லிடாதே, என்ன?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருவர் பொய் சொல்கிறார், இன்னொருவர் பொய்யென்று தெரிந்தே ஒரு பானைத் தோயை வாங்கி வைத்துக்கொள்கிறார். ஹாலில் போய்ப் பார்த்தால் இருவரும் ஒரே கிண்ணத்தில் ஸ்பூனை விட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். பெரியவர்களை நம்பவே கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஆனால் தோய் நன்றாக இருந்தது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம், எல்லோரும் மறந்தே போயிருந்த அந்த மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஹௌரா ஸ்டேஷனுக்குக் காக்கு வந்தார். ஒரு சின்னப் பானைத் தோயை என் மடியில் வைத்து, சாயாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அப்பா ரயில் பெட்டி வாசலில் நின்று கையை நீட்டினார், காக்கு கீழே நின்று பிடித்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. காக்கு கையை விடாமல் கூடவே நடந்தார். பிறகு கொஞ்சம் ஓடினார். சற்று நேரம் கழித்து அப்பா வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

இப்போதும் போனில் அந்த வழக்கு நடக்கிறது. அன்றைக்குக் கையை விட்டது நான்தான் என்கிறார் அப்பா, ஓடி விழுந்திருப்பான், அதனால் விட்டேன் என்று. இல்லை, நான்தான் விட்டேன், இல்லாவிட்டால் அவன் இறங்கியே வந்திருப்பான் என்கிறார் காக்கு. இரண்டு பேரும் என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். வாசலுக்கு நேர் எதிரே, ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். ஆனால் நான் பானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது அந்தக் கைகளைத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.