தானாக விழாத சுவிட்ச்

எங்கள் வீட்டுக்கு லேத் மெஷின் வந்தது ஒரு ட்ராக்டர் பெட்டியில். ஊரில் பலசாலி என்று பெயர் எடுத்தவர்கள் எல்லோரும் இறக்க வந்தார்கள். நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த கப்பல் வாழைகளை மிதித்துச் சாய்த்துக்கொண்டு அதைப் பின் கொட்டிலுக்குள் உருட்டிப் போனார்கள். என் கணவர் வாழைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மெஷினில் எங்காவது கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாழ்ப்பாணம் கோட்டைப் பக்கம் அவருடைய பட்டறை இருந்த தெருவில் ஷெல் விழத் தொடங்கி மாதக்கணக்காகியிருந்தது. காலையில் சைக்கிளில் போகிற மனிதர் பின்னேரம் திரும்பி வருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். மெஷின் அச்சுவேலிக்கு, எங்கள் வீட்டு வளவுக்கே வந்துவிட்டால் மனிதரும் வளவுக்குள்ளேயே இருப்பார். வாழை போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கரண்ட் பிரச்சினை பிறகுதான் தெரியவந்தது. பட்டறைக்கு வந்தது மூன்று பேஸ் கரண்ட். அதாவது மூன்று உயிர்க்கம்பிகள். எங்கள் வீட்டுக்கு வருவது ஒன்றே ஒன்று. லைட்டுக்கும் றேடியோவுக்கும் ஸ்திரிக்கைப் பெட்டிக்கும் அது தாராளம். லேத்தைச் சுற்றுகிற மோட்டருக்கு அது காணாது. மூன்று பேஸ் வேண்டும் என்று எழுதிக் கேட்டால் அந்த நாளில் யார் வந்து கம்பி இழுக்கப்போகிறார்கள்? சாய்ந்து நின்ற கம்பத்தை நிமிர்த்தவே ஆளில்லை.

அவர் மோட்டரின் பெட்டியைத் திறந்து கம்பிகளை மாற்றிக் கட்டினார். தகரப் பேணி அளவில் இருந்த பழைய கொண்டென்சர்களைத் தேடிப் பிடித்துப் பூட்டினார். சுவிட்சைப் போட்டால் மோட்டர் சுற்றவில்லை. நின்ற இடத்தில் நின்று உறுமியது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். மோட்டரின் கப்பியில் கயிற்றைச் சுற்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்து அதைச் சுழல விடுவார். சுழலும்போதே "போடு" என்று கத்துவார். நான் வீட்டுக்குள் இருந்து சுவிட்சைத் தள்ளுவேன். மோட்டர் பிடித்துக்கொள்ளும். ஒருதரம் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த ஒற்றைக் கம்பியிலேயே நாள் முழுக்க ஓடும்.

அந்த மோட்டருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. எந்தப் பக்கம் இழுத்து விட்டாலும் அந்தப் பக்கமே ஓடும். ஒருநாள் ஏதோ யோசனையில் கயிற்றை மாற்றிச் சுற்றிவிட்டார். லேத் பின்பக்கமாகச் சுழல, முன்னால் திருகிப் பூட்டியிருந்த கனத்த இரும்புத் தலை கழன்று விழுந்து நிலத்தில் உருண்டு வந்தது. நல்ல காலம், கால் தப்பியது. அதற்குப் பிறகு கயிறு சுற்றும்போதெல்லாம் அவருடைய வாய் முணுமுணுக்கும். ஏதும் மந்திரமோ என்று கேட்டேன். கயிறு மேல்பக்கமாக வரவேண்டும் என்பதை மறக்காமல் இருக்க, "மேலாலை, மேலாலை" என்று சொல்லிக்கொள்கிறாராம்.

ஆனால் என்னை வாட்டியது கயிறு இல்லை, சுவிட்ச். பட்டறையில் அந்த மோட்டருக்கு ஒரு ஸ்டார்ட்டர் இருந்தது. கரண்ட் போனால் அதற்குள் 'டக்' என்று ஏதோ விழுந்துவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும், ஒருவர் போய்ப் பச்சைப் பொத்தானை அமத்தும்வரை மோட்டருக்குப் போகாது. எங்கள் வீட்டுக் கரண்ட் அந்த ஸ்டார்ட்டருக்கும் போதவில்லை. அமத்தினால் பிடிக்காமல் விழுந்துகொண்டே இருந்தது. அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, மீட்டருக்குப் பக்கத்தில் சாதாரண இரும்புப் பெட்டிச் சுவிட்ச் ஒன்றைப் பூட்டினார். ஓலை ஒழுகுகிற கொட்டிலில் சுவிட்ச் வைக்க அவருக்குப் பயம். இந்தச் சுவிட்சை மேலே தள்ளினால் மோட்டர் ஓடும், கீழே இழுத்தால் நிற்கும். தானாக விழாது. கரண்ட் போய்விட்டு வந்தால், கயிறு இழுக்க ஆளில்லாமல் மோட்டர் நின்றபடியே உறுமும். உறுமினால் சூடேறும். கொஞ்ச நேரம் கவனிக்காமல் விட்டால் உள்ளே சுற்றியிருக்கிற செப்புக் கம்பி எரிந்துபோகும்.

கரண்ட் போனதும் ஓடிப்போய்ச் சுவிட்சை இழுப்பது என் வேலையானது. அதாவது, மூலையில் கிடந்த ஸ்டார்ட்டரின் வேலையை நான் பார்த்தேன். அவர் கொட்டிலில் நிற்கும்போது கரண்ட் போனால், முதலில் இரும்பில் கடித்துக்கொண்ட வெட்டுளியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். இரண்டு கையும் அதிலேயே இருக்கும். போதாததற்கு, கயிறு இழுத்து மோட்டரை எழுப்புவது பெரும்பாடு என்பதால், காலையில் ஒருதரம் ஓட விட்டால் மத்தியானம்வரை நிறுத்தமாட்டார். வேலை இல்லாத நேரம் பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு, தெருவாசல் படலையடியில் யாரோடாவது கதைத்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது, எரிந்தால் புதுக்கம்பி சுற்றித் திரும்பக் கட்டுவிக்கலாம்தானே என்று கேட்டேன்.

"ஆர் கட்டுறது?" என்றார். "மோட்டர் கட்டுறவர் குடும்பத்தோடை கொழும்புக்குப் போட்டார். கம்பியும் இஞ்சை இல்லை. உது எரிஞ்சால் நானும் தம்பியிட்டை வெளிக்கிட வேண்டியதுதான்."

அவருடைய தம்பி சவூதியில் ஒரு கம்பனியில் இருந்தார். வா வா என்று ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். மழை வரும்போலை கிடக்கு என்று சொல்கிற குரலில் இதைச் சொல்லிவிட்டு, என் மனிதர் குழம்பை இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார். 

அன்றிலிருந்து என் காது என்னுடையதாக இருக்கவில்லை. குசினியில் தேங்காய் துருவினாலும் கிணற்றடியில் துணி தோய்த்தாலும் ஒரு காது கொட்டிலில் கிடந்தது. ஊரில் எல்லோருக்கும் சத்தம் கேட்டால் பயம். எனக்கு ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டாலும் பயம், மோட்டரின் சத்தம் நின்றாலும் பயம். தலையில் சவர்க்கார நுரையோடு கிணற்றடியில் இருந்து ஓடியிருக்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன், பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. காலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். பக்கத்து வளவில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். எங்கள் மோட்டர் புறப்படும்போதெல்லாம் அவருடைய ஃபான் தளர்ந்து பிறகுதான் வேகம் எடுக்கும். அதற்காக அவர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. என் ஓட்டத்தைக் கண்டபிறகு, ஃபான் நின்றால் வேலிக்கு வந்து குரல் கொடுக்கவும் தொடங்கினார். "பிள்ளை, கரண்ட் போயிட்டுது" என்று அவர் கூப்பிடும்போது அநேகமாக என் கை சுவிட்சில் இருக்கும். ஆனாலும் இன்னொரு காது இருக்கிறதே என்று மனதுக்கு ஆறுதல்.

என் மனிதருக்கு இதெல்லாம் பகிடி. "உனக்குச் சம்பளம் தரவேணும்" என்பார். ஏன் அப்படி ஓடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அந்த நினைப்பை நானே எடுத்துக் கொடுத்ததாகிவிடுமோ என்று பயந்தேன்.

எண்பத்தேழாம் ஆண்டு, வெங்காயம் கிண்டுகிற காலம். ஒருநாள் காலை பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து ஷெல் வரத் தொடங்கியது. முதலாவது தூரத்தில் விழுந்தது. நான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, முற்றத்தில் பனங்குற்றி அடுக்கி வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினேன். அவர் படலையடியில் இருந்து ஓடி வந்து உள்ளே குதித்தார். மோட்டர் கொட்டிலில் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது வெடித்தபோது அந்தச் சத்தம் நின்றது. எங்கோ கம்பி அறுந்திருக்க வேண்டும், அல்லது யாரோ கரண்டை நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். போன கரண்ட் எந்த நேரமும் திரும்பி வரலாம்.

"சுவிட்ச்" என்றேன்.

"விடு" என்றார்.

நான் விடவில்லை. அவர் என் சேலையைப் பிடிக்கும் முன்னே மேலே ஏறி ஓடிவிட்டேன். சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, ரீச்சர் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் ஒன்று விழுந்தது. குசினி வாசலில் முகம் குப்புறக் கிடந்தேன். எங்கள் கூரை ஓடுகள் சில என்னைச் சுற்றி விழுந்து உடைந்தன. அவர் தவழ்ந்து வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பங்கருக்குள் தள்ளினார். தள்ளிவிட்டுக் கத்தினார். எங்கள் கலியாண வாழ்க்கையில் அவர் என்னைப் பார்த்துக் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

"உனக்கென்ன விசரோ? உந்த இரும்புக்காகச் சாகப்போறியோ?"

"இரும்புக்காக இல்லை" என்றேன். என் குரலும் ஏறிவிட்டது. "அது எரிஞ்சால் நீங்கள் போயிடுவியள்."

அழுதுகொண்டிருந்த பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டுத் தகப்பனைப் பார்த்தார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

"சோறு தின்னேக்கை."

அவர் என் முழங்காலில் உரஞ்சுப்பட்டிருந்த இடத்தில் இருந்த மண்ணை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். போகமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் கூடப் பயத்தைத்தான் தந்தது. ஷெல் ஓய்ந்தபிறகு ரீச்சரைப் போய்ப் பார்த்தோம். கட்டிலுக்குக் கீழே செபம் சொல்லிக்கொண்டு கிடந்தார். ஒரு கீறலும் இல்லை.

அடுத்தநாள் என் மனிதர் சுவிட்சின் பிடியில் நீளக் கயிறு ஒன்றைக் கட்டி, யன்னலால் வெளியே எடுத்து, பங்கருக்குள் கொண்டுவந்து விட்டார். "இனி இதுக்குள்ளை இருந்து இழு" என்றார். மோட்டரை எழுப்ப ஒரு கயிறு, படுக்கவைக்க இன்னொரு கயிறு. நான் சிரித்தேன், ஆனால் அந்தக் கயிற்றில் உடுப்புக் காயப்போட ஒருவரையும் விடவில்லை.

பிறகு இன்னொரு நாட்டுப் பட்டாளம் வந்தது, போனது. மோட்டர் எரியவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், சண்டை மறுபடி தொடங்கியபோது, ஒருநாள் காலை கொட்டிலில் சத்தம் நின்றது. வழக்கம்போல ஓடிப்போய்ச் சுவிட்சைக் கீழே இழுத்தேன். அதற்குப் பிறகு அதை மேலே தள்ள வேண்டி வரவில்லை. ஊருக்கே கரண்ட் நின்றுபோனது; இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தோம். பிறகு, வரும் என்று சொல்வதையும் ஆட்கள் விட்டுவிட்டார்கள்.

கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும் என் காது சும்மா கிடந்தது. மனம் கிடக்கவில்லை. இத்தனை காலம் கட்டிக்காத்த மோட்டர் ஒரு பழுதும் இல்லாமல் இருக்கிறது, ஆனால் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவர் கொட்டிலுக்குள் போய் லேத்துக்கு எண்ணெய் போடுவார், துடைப்பார், திரும்பி வருவார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் தம்பி கூப்பிடுகிற கதையை மறுபடியும் கொண்டுவந்ததை ரீச்சர் சொல்லித்தான் அறிந்தேன். என் மனிதர் என்னிடம் அதைப் பற்றி மூச்சும் விடவில்லை.

ஒருநாள் காலை பார்த்தால் மோட்டரைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். கிறீஸ் பூசி, உரப்பையில் சுற்றிக் கட்டி, தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கொடியில் கிடந்த அவருடைய நல்ல சேர்ட்டுகளை எடுத்து மடித்து, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மேசையில் அடுக்கி வைத்தேன்.

மத்தியானம் வந்தார். மேசையைப் பார்த்தார்.

"என்ன இது?"

"போறதெண்டால் கசங்காமல் போங்கோ."

அவர் பின்பக்கம் போனார். எட்டிப் பார்த்தேன். தோட்டக்காரர் ஒருவர் வண்டிலில் இருந்து, வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெயில் ஓடுகிறது. அதை மோட்டர் இருந்த இடத்தில் வைத்து, பெல்ட்டை அளந்து பூட்டினார்கள். தோட்டக்காரர் போனபிறகு என்னைக் கொட்டிலுக்குள் கூப்பிட்டார். மோட்டருக்குச் சுற்றுகிற அதே கயிற்றை எடுத்து எஞ்சின் கப்பியில் சுற்றினார். வாய், பழக்கத்தில், "மேலாலை" என்றது. இழுத்தார். எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. லேத் சுற்றத் தொடங்கியது.

அந்தச் சத்தத்துக்குள் நான் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. "அப்ப தம்பியிட்டைப் போகேல்லையோ?"

இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"மோட்டர் எரிஞ்சால் போறன் எண்டுதானே சொன்னனான்? எரியேல்லை. கட்டிலுக்குக் கீழை கிடக்கு, போய்ப் பார்."