தும்மிய பேய்

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டை பிரித்தார்கள். அந்த நெடியில் அம்மா நடித்த பேய்ப்படம் ஞாபகம் வந்தது.

அம்மா அங்கே ஒரு கிடங்கில் மிளகு புடைத்தாள். முழங்கால்வரை கூந்தல். படமெடுக்க வந்தவர்களிடம் விக் வாங்கக் காசில்லை. அம்மாவுக்கே வெள்ளைப் புடவை கட்டிவிட்டார்கள். கிடங்கிலேயே கேமரா ஓடும்போது மிளகுத்தூசியில் தும்மிவிட்டாள். மறுபடி எடுக்க பிலிம் இல்லை.

"சாரமில்ல சேச்சி, பரவாயில்ல, பேய்க்கும் ஜலதோஷம் வரும்," என்ற டைரக்டர், தும்மலோடு நாய் ஊளையைச் சேர்த்துவிட்டார்.

பள்ளுருத்தி கொட்டகையில் மதியக் காட்சி பார்த்தோம். பேயின் ரப்பர் செருப்புகூடத் தெரிந்தது.

"எல்லாரும் சிரிக்கப் போறாங்கடி," என்று அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பேய் தும்மியது. கொட்டகையே அலறியது. அம்மா மெல்ல முந்தானையை விலக்கி, அலறுகிறவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பஜாரில் நானும் தும்மினேன். பக்கத்தில் நின்ற மகள் துள்ளிவிட்டாள்.

"பயந்தே போயிட்டேம்மா."

எனக்குப் பெருமையாக இருந்தது.