பிரேக் மேடம் போட்ட மரத்தளம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு பிரேக் மேடம் என்று பெயர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவள் மிதிக்கிற மிதியில், கற்றுக்கொள்ள வந்தவர்களின் மூக்கு ஸ்டியரிங்கில் போய் ஒட்டிக்கொள்ளும். பட்டப்பெயர் அவள் காதுக்கும் வந்தது. "பிரேக் போடாத மேடம்னு பேர் வாங்கினாத்தான் கவலைப்படணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் காரில் ஏற்றினாள்.

கணவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். ஒரு கால்புள்ளி இடம் மாறி உட்கார்ந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. முழங்கால் அறுவை முடிந்து வாக்கரோடு வீட்டுக்கு வந்தவர், சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பின்பக்கத் தோட்டமும் அவர் வளர்த்த ரோஜாத் தொட்டிகளும் தெரியும். ஆனால் தோட்டத்துக்கு இறங்க உயரம் உயரமாக இரண்டு படிகள், கீழே சேறு. வாக்கரோடு நடக்கிற காரியமில்லை. ரோஜாவைக் கத்தரிக்க முடியாதவர், மனைவியின் சமையலைக் கத்தரிக்க ஆரம்பித்தார்.

"வெங்காயம் ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

"வயித்துக்குள்ள போனப்புறம் அளந்து பாக்கப் போறீங்களா?"

"சொன்னேன். டீயை இவ்வளவு உயரத்துலேருந்து வடிகட்டினா சூடு போயிடும்."

பயிற்சிக் காரில் வாய் மூடாமல் சொல்லிக்கொடுப்பவள் அவள். தனக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும் என்று அந்த வாரம்தான் தெரிந்தது. வடிகட்டியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இந்த மனுஷனைக் கீழே இறக்க முடியாது. தோட்டத்தை மேலே ஏற்றிவிட்டால்? வீட்டுத் தரையின் மட்டத்துக்கே வெளியில் ஒரு மரத்தளம். ரோஜாத் தொட்டிகள் அதன் மேல், தொட்டிகளோடு கணவரும்.

"மரத்தளமா? ஆளைக் கூப்பிடலாமே" என்றார் அவர்.

"ஆளைக் கூப்பிட்டா அவரையும் திருத்துவீங்க. அவர் போட்டது போட்டபடி ஓடிடுவாரு. நான்தான் எங்கேயும் ஓட முடியாது."

மின்சாமான் கடை வைத்திருக்கும் அவளுடைய தம்பி டிரில்லும் ரம்பமும் கொண்டுவந்தான். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு, புல்லைச் செதுக்கி, குழி தோண்டி, சிமெண்ட் கட்டைகளை நட்டாள். அவற்றின் மேல் கனமான மரச்சட்டங்களைக் கிடத்தினாள். கணவர் ஜன்னல் கம்பிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு."

"ரசமட்டம் சரியா இருக்குன்னு காட்டுது!"

"ரசமட்டத்தை நேரா வை, அப்புறம் பேசு."

நேராக வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டையின் அடியில் தகடு செருகினாள். சட்டங்கள் வீட்டுத் தரையோடு மயிரிழை பிசகாமல் ஒரே மட்டத்துக்கு வரும்வரை அவர் விடவில்லை. வந்ததும், "இப்ப அச்சுக்குப் போகலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு பலகைகள். ஒவ்வொன்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, ஸ்க்ரூ முடுக்கினாள். உள்ளங்கை கொப்புளித்தது. இரண்டு பலகைக்கு நடுவே விடுகிற இடைவெளியைக்கூட அவர் வரிக்கு வரி இடைவெளி பார்ப்பதுபோலப் பார்த்தார். தம்பி உதவிக்கு வந்தவன்தான், ஆனால் அவன் உதவி பெரும்பாலும் பலகைக் குவியலின் மேல் உட்கார்ந்து பலகை பறந்துபோகாமல் பார்த்துக்கொள்வதாக இருந்தது.

கடைசிப் பலகை முடுக்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. தளம் வழவழவென்று மின்னியது. அவள் தளத்தின் நடுவில் போய் நின்று, இடுப்பில் கை வைத்து, "ஏங்க, வாங்க வெளியே!" என்று கூப்பிட்டாள்.

உள்ளே வாக்கர் டக்டக்கென்று நகரும் சத்தம். தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு லேசாக அசைந்து, டம் என்று எதிலோ இடித்து நின்றது.

"தள்ளுங்க!"

"தள்ளிட்டுத்தான் இருக்கேன்!"

அவள் குனிந்து பார்த்தாள். சமையலறையின் பின்கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. சட்டம் தரை மட்டத்துக்கு இருந்தது, சரி. அதன் மேல் பலகை வரும் என்பதை இரண்டு பேருமே கணக்கில் எடுக்கவில்லை. ஒரு பலகையின் கனத்துக்குத் தளம் உயர்ந்து, கதவின் அடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பலகைக் கனத்தைக் கணக்குல விட்டுட்டோங்க! கதவு தளத்துல இடிக்குது" என்றாள். கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு கேட்டது. முதலில் மூக்கால், அப்புறம் வாய்விட்டு.

"உள்ளே எழுத்து எழுத்தாப் பார்த்துட்டு, அட்டையில புத்தகத்தோட பேரே தப்பா அச்சாகி வர்றது உண்டு" என்றார். "எங்க அச்சகத்துல ரெண்டு தடவை நடந்திருக்கு. ரெண்டு தடவையும் மெய்ப்புப் பார்த்தவன் நான்தான்."

கல்யாணமானதிலிருந்து அவர் இதை அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, தளத்தின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரித்தாள்.

தம்பி விஷயத்துக்கு வந்தான். "கதவோட அடியை அறுத்துடலாம்க்கா."

"எலி குடும்பத்தோட வர்றதுக்கா?"

"எல்லாத்தையும் கழட்டிட்டு, சட்டத்தை ஒரு பலகை அளவுக்கு இறக்கிட்டா போதும்" என்றது கதவு.

"போதும்னு சொல்றதுக்கு வாய் போதும், கழட்டறதுக்குக் கை வேணும்" என்றாள் அவள். "கீலை மாத்துவோம். கதவு உள்பக்கம் திறக்கட்டும்."

மறுநாள் கீல் மாறியது. கதவு உள்பக்கம் திறந்தது, பாதி வரை. அங்கே ஃபிரிட்ஜ் நின்றது. சமையலறையில் அதற்கு வேறு மூலை கிடையாது. "மாமா, கொஞ்சம் ஒதுங்குங்க" என்று தம்பி ஒரு பக்கம் பிடிக்க, அவள் மறுபக்கம் பிடிக்க, ஃபிரிட்ஜ் கூடத்துக்குப் போய் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மிச்சப் பலகையைச் சரிவாக இழைத்து, வாக்கர் ஏறுவதற்குக் கதவுக்கும் தளத்துக்கும் நடுவே வைத்து அடித்தாள்.

அவர் வெளியே வந்தார். ஒவ்வொரு அடியாக வைத்து, தளத்தின் விளிம்புக்குப் போய், அங்கே அவள் ஏற்றி வைத்திருந்த ரோஜாத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தொட்டியில் காய்ந்த கிளை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. "கத்தரிக்கோல்" என்றார். அவள் போய் எடுத்துவந்து கொடுத்தாள்.

சில மாதங்களில் வாக்கர் பரணுக்குப் போனது. படி ஏறி இறங்கக் காலுக்குப் பலம் வந்தது. ஆனாலும் அவர் பகலெல்லாம் தளத்திலேயே கிடந்தார், மெய்ப்புக் காகிதங்களையும் அங்கேயே பரப்பிக்கொண்டார். அவள் பயிற்சி முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வெயில் ஊறிய பலகையில் முதுகை நீட்டிக் கொஞ்ச நேரம் படுப்பாள். வருகிற விருந்தாளிகள் கூடத்து ஃபிரிட்ஜைத் தாங்களே திறந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கப் பழகிக்கொண்டார்கள். அதனால் அவளுக்கு ஒரு நடை மிச்சம்.

"கால்தான் சரியாயிடுச்சே. கீலைத் திரும்ப மாத்தி, ஃபிரிட்ஜை உள்ள வெச்சுடலாமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"அது அங்க நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.