முப்பத்தொரு சாண் நிலவறை

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, லண்டனில் எங்கள் நோர்பரி வீட்டின் முன்னறைக்குக் கார்ப்பெட் அளந்தது. என்னிடம் லேசர் மீற்றர் இருந்தது. அவர் கையால் சாண் போட்டார். இரண்டு சென்றிமீற்றர் வித்தியாசம்.

“உன்ர மெசின்தான் பிழை, றொசாந்தி.”

அப்பாவின் பெயர் ஞானரட்ணம். 1998இல் இஸ்தான்புல்லில் ஒரு நிலவறையையும் இப்படித்தான் அளந்தார். மன்னாரிலிருந்து லண்டனுக்குக் கூட்டிவந்த ஏஜென்ட், பதினொரு பேரை அங்கே நாற்பத்தொரு நாள் பூட்டிவைத்தான். நீளம் முப்பத்தொரு சாண், அகலம் பத்தொன்பது. தட்டையான செங்கல், அதைவிடத் தடித்த சாந்து. ஒரு சுவர் அரைவட்டமாக உள்வாங்கியிருந்தது. மறைவான இடம் என்று மலவாளியை அங்கே வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள், வளைவுக்கு மேலிருந்த துவாரத்தால் காலை வெயில் வந்தது. கிழக்கு, அரைவட்டம். சிறுவயதில் மாதா கோயிலில் பூசைக்கு உதவிய அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, அது ஒரு தேவாலயத்தின் பீடம் இருந்த இடம். வாளியைத் தூக்கி எதிர்மூலையில் வைத்தார்.

“அண்ணை, வெட்டவெளியில எப்பிடி இருக்கிறது?” என்று ஒரு பெண் சண்டைக்கு வந்தாராம்.

“நான் போர்வையைப் பிடிக்கிறன், தங்கச்சி. கண்ணையும் மூடுறன்.”

மிச்ச நாளெல்லாம் போர்வை பிடித்தது அவர்தான்.

லண்டனில் இருபத்துநான்கு வருடம், மோர்டனில் ஒரு பேக்கரியில் மா பிசைந்தார். லிஃப்டில் ஏறமாட்டார். குளியலறைக் கதவைக்கூடப் பூட்டமாட்டார். உள்ளே இருந்து பாடுவார், நாங்கள் தெரிந்துகொள்வோம். இந்த நாட்டை விட்டு ஒருநாளும் வெளியே போகவில்லை.

நான் கட்டிடப் பொறியியலாளர். போன வருடம் அப்பாவின் அளவுகளையும் அவர் நினைவில் வைத்திருந்த தெருவையும் வரைபடமாக்கி, துருக்கித் தொல்லியலாளர் ஒருவருக்கு அப்பாவின் பெயர் சொல்லாமல் அனுப்பினேன். பழைய ஏடுகளில் பெயர் மட்டும் மிஞ்சிய ஒரு பைசாந்தியத் தேவாலயத்தை அவர் தேடிக்கொண்டிருந்தார். அப்பாவின் வளைவு, பக்கத்துத் தெருவில் கிடைத்த அத்திவாரத்தோடு பொருந்தியது. நிலவறையோ இப்போது ஒரு ஹோட்டலுக்குக் கீழே, வாசல் அடைக்கப்பட்டுக் கிடந்தது. திறக்க அனுமதி கேட்பதற்கு, உள்ளே இருந்தவரின் வாக்குமூலம் வேண்டும் என்று தொல்லியலாளர் எழுதினார். பெயர், ஆண்டு, வந்த வழி, கையெழுத்து.

“ஏலாது,” என்றார் அப்பா. “நேரே கொழும்பிலயிருந்து வந்தனான் எண்டு குரோய்டனில அகதி விசாரணையில சொல்லிப்போட்டன்.”

எல்லோருக்கும் ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த வசனம் அது.

“இப்ப பிரிட்டிஷ் பாஸ்போட் இருக்குதானே, அப்பா?”

“தந்தவங்களுக்குப் பறிக்கத் தெரியாதே?”

“சாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொன்னனீங்கள்தானே?”

“ஓம். சாமியார் ஹோம் ஒஃபிசுக்குக் கடிதம் போடமாட்டார்.”

எட்டு மாதம் இதே பேச்சு. கார்ப்பெட் அளந்த அன்று புதுச் செய்தி சொன்னேன்: ஹோட்டல்காரர் அத்திவாரத்தைப் பலப்படுத்த, ஜூன் பதினேழாம் திகதி நிலவறைக்குள் கொங்கிறீட் நிரப்புகிறார்கள்.

அப்பா நிலத்திலேயே இருந்தார்.

“வளைவுக்குள்ளயுமோ?”

“முழுக்க.”

சுவரோரமாக இன்னொருமுறை சாண் போட்டார். பிறகு, “வெள்ளிக்கிழமை லோயரிட்டக் கூட்டிக்கொண்டு போ. அவருக்கு முன்னால கையெழுத்துப் போடுறன்,” என்றார்.

வியாழன் காலை, பஸ் தரிப்பிடத்தில் மாரடைப்பில் அப்பா போய்விட்டார்.

வெள்ளி பத்தரைக்கு லோயரின் அலுவலகத்திலிருந்து அழைத்து, ஞானரட்ணம் வருகிறாரா என்று கேட்டார்கள்.

மகளின் கையெழுத்து செல்லாது என்று தொல்லியலாளர் எழுதியிருக்கிறார். உள்ளே இருந்த வேறு யாராவது சொல்லலாம். மற்றப் பத்துப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. இன்று ஜூன் ஒன்பது. வாக்குமூலம் தட்டச்சாகி இரண்டு பக்கத்தில் இருக்கிறது. அப்பா வந்து கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி.